மீன் பணத்துல மிச்சம் பிடிச்சேன்

மதுரையில டிரவுட் மீன் வளத்தோம்னு சொன்னா இன்னைக்கும் ஆளுக சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். அது மலை ஓடையில, சில்லுன்னு தண்ணி ஓடுற எடத்துல மட்டும் இருக்குற மீன். கொடைக்கானலுக்கு மேல அப்ப இருந்துச்சு. மலையில சூடு ஏறிக்கிட்டே போனா அந்த மீன் என்ன ஆகும்னு பாக்குறதுதான் எங்க வேலை. தொண்ணூறுகளோட கடைசி அது. நான் ஒரு காலேஜ்ல விலங்கியல் துறையில ப்ராஜெக்ட் அசிஸ்டண்ட். என் கைட் ஒரு மேடம், வீட்ல சௌராஷ்டிரா பேசுறவங்க. வெயில் ஊர்ல ஒக்காந்துக்கிட்டு குளுந்த தண்ணி மீன் எதுக்குன்னு டெல்லியில எங்க விண்ணப்பத்தை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவைதான் பணம் கெடைச்சுச்சு. மூணு வருஷத்துக்கு. மூணு கோடையும் விடாம பாத்தாத்தான் நாங்க ஏதாச்சும் அடிச்சுச் சொல்ல முடியும்.

லேப்ல ரெண்டு தொட்டி. ஒண்ணுல தண்ணி ஓடை மாதிரியே குளுந்து கெடக்கும். இன்னொண்ணுல கொஞ்சம் சூடு கூட. ரெண்டுக்கும் நிக்காம சில்லர் ஓடணும், அதான் தண்ணியைக் குளுர வைக்கிற மெஷின். மலையில இருந்த மீன் பண்ணையில குஞ்சு வாங்கி, ஆக்சிஜன் அடிச்ச பையில கட்டி, மடியில வச்சுக்கிட்டே பஸ்ல கொண்டாந்தேன்.

அந்த பஸ்ஸுலதான் வந்துச்சு வினை. மாசம் ரெண்டு தடவை மலைக்குப் போயி ஓடைத் தண்ணியோட சூட்டை அளக்கணும். அதுக்கு ஜீப் வாடகை, லாட்ஜ் வாடகை எல்லாம் ப்ராஜெக்ட்லயே இருந்துச்சு. நான் ஒரு தடவை கூட ஜீப் எடுக்கல. பஸ்ல போயி, எறங்கி நடந்து, பண்ணை வாட்ச்மேன் அண்ணன் ரூம்ல படுத்துக்கிட்டேன். நாங்க கோச்சடைக்கு அங்கிட்டு விவசாயக் குடும்பம். கடைக்கு அனுப்புனா மிச்சத்தைக் கொண்டாந்து அம்மா கையில வைக்கணும். அப்பத்தான் அடுத்த தடவையும் நம்பிக் குடுப்பாங்க. கவர்மெண்டும் அப்படித்தான்னு நெனச்சேன், மடப்பய. மேடமும் அப்படித்தான் நெனச்சாங்க. மிச்சப் பணத்துல இன்னொரு தொட்டி கட்டலாம்னு அளவெல்லாம் போட்டு வச்சிருந்தாங்க.

முத வருஷம் முடிஞ்சு கணக்கு அனுப்புனோம். மிச்சம் இம்புட்டுன்னு நானே பெருமையா டைப் அடிச்சேன். மூணு மாசம் பணம் வரல, லெட்டர்தான் வந்துச்சு. குடுத்த பணத்தைச் செலவு பண்ணாததால வேலை சரியா நடக்கலைன்னு தெரியுதாம். மிச்சத்தைத் திருப்பி அனுப்பணுமாம். ப்ராஜெக்ட் இத்தோட முடிஞ்சுச்சாம். மேடம் ரெண்டு தடவை படிச்சுட்டு அவங்க பாஷையில என்னமோ சொன்னாங்க.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி மேடம் டெல்லிக்குப் பேசுனாங்க. நாங்க வேலை பாத்தோம் சார், பஸ்ல போனோம், அதான் மிச்சம்னு எடுத்துச் சொன்னாங்க. அந்த அதிகாரி மரியாதையாத்தான் பேசுனாராம்.

"ஜீப்புக்குத்தானே மேடம் பணம் குடுத்தோம்? பஸ்ல போனா நீங்க போகலைன்னுதான் இங்க எழுதுவாங்க."

எனக்கு வந்த கோவத்துக்கு யாரைப் பிடிச்சுத் திட்டுறது? டைப் அடிச்சது என் கை.

ப்ராஜெக்ட் இல்லைன்னா சில்லருக்குக் கரண்டு இல்லைன்னுட்டாரு பிரின்சிபால். மீனை மலைக்கே கொண்டுபோயிரலாம்னு பண்ணையில கேட்டோம். வெளிய வளந்த மீன் நோய் கொண்டாந்துரும், சேக்க மாட்டோம்னாங்க. அது நியாயம், நாங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். வைகையில விட்டா சுடுதண்ணியில விட்ட மாதிரிதான், அதுவும் தண்ணி கெடந்தா. சில்லரை நிறுத்துன அன்னைக்கு நான் மொபெட்ல போயி ஐஸ் கம்பெனியில பாளம் வாங்கியாந்து, பையில போட்டு தொட்டியில மெதக்க விட்டேன். மீன் எம்புட்டு லோடு வந்திருக்குன்னு கேட்டாரு ஐஸ்காரரு. உயிரோட இருக்குற மீனுக்குண்ணேன்னு சொன்னதுக்கு, என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

அஞ்சு நாள் ஓட்டுனோம். அக்னி நட்சத்திரம் வேற. பாளம் ரோட்டுலயே பாதி போயிரும். ஆறாம் நாள் காலையில கெளம்ப மொபெட்டை எடுத்தேன். மேடம் வாசல்ல வந்து நிறுத்துனாங்க.

"போதும்ப்பா. தெர்மாமீட்டரை எடு. எந்தச் சூட்டுல எது போகுதுன்னாவது எழுதி வைப்போம்."

ஐஸ் பையெல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டு, ஆளுக்கொரு தொட்டிகிட்ட நின்னோம். கால் மணிக்கு ஒருக்கா அளந்தோம். சூட்டுத் தொட்டி மீனுக கொஞ்ச நேரம் கூடத் தாங்குச்சுக. அதுவும் ஒரு முடிவுதான். ஒரே ஒரு நாள் பாத்ததை எந்தப் பத்திரிகைக்கு அனுப்புறது? மேடம் எழுதிக்கிட்டே இருந்தாங்க, மூக்கை மட்டும் முந்தானையில தொடைச்சுக்கிட்டாங்க. எனக்கு மனசு விட்டுப் போச்சு. ஓடிப் போயிரலாமான்னு இருந்துச்சு.

ஒரு வருஷத்துக்கு மேலயே எரை போட்டது நான்தான். ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டரோட கையைத் தண்ணிக்குள்ள விட்டப்ப, எரைதான்னு நெனச்சு மேல வந்துச்சுக. மூணு மணிக்கு மேல ஒண்ணும் வரல.