இருபத்து நான்காவது பாட்டில்

வீட்டில் பீர் காய்ச்ச முதல்முறை இறங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றாக வந்தன. குடித்தால் கண் போய்விடுமா என்று என் மனைவி கேட்டாள். எப்போது குடிக்கலாம் என்று அவள் தம்பி கேட்டான். பாட்டில் வெடிக்குமா என்று நான் கேட்டேன். பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர், அலோன் படகுத்துறைக் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர், அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தார்.

பர்மாவில் தனியார் கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. மைத்துனன் அங்கே குமாஸ்தா. மேனேஜர் கிளம்பும்போது அவனிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தார். அதில் மால்ட் பாகு டின்கள், பீருக்குக் கசப்பு தரும் காய்ந்த பூ, ஈஸ்ட், பாட்டில் மூடியை அழுத்தும் கருவி எல்லாம் இருந்தன. செய்முறையை வாயால் சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே மைத்துனனின் வேலையும் போயிற்று.

அவன் மனைவி பிரசவத்துக்காகத் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தாள். மகன் பிறந்துவிட்டான். மைத்துனன் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. அலையாத அலுவலகமெல்லாம் அலைந்து வெளியேறும் அனுமதி வாங்கியிருந்தான். அது ஒரே ஒரு கப்பலுக்குத்தான் செல்லும். அதைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசை எங்கே முடிகிறது என்று எவருக்கும் தெரியாது.

"இந்த நேரத்துல இது தேவையா, மாப்பிள்ளை?" என்றேன்.

"ஊரை விட்டுப் போறவனுக்கு ஒரு கிளாஸ் பீர்கூடக் கிடையாதா, அத்தான்? கடையில ஏது?"

"லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா உள்ள போடுவான்."

"நீங்க எப்பவும்போல எதையாவது எண்ணிக்கிட்டே இருங்க. நான் காய்ச்சிக்கிட்டே இருக்கேன்."

லான்மடா வட்டாரத்தில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில். பலகைத் தளம். காய்ச்சி ஊற்றிவைத்த ஊறுகாய் ஜாடியில் நுரை பொங்கியது, பிறகு அடங்கியது. நுரை அடங்கினால் புளிப்பு முடிந்ததா, இல்லை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். கப்பல் தேதி நெருங்குகிறது, முடிந்ததாகத்தான் இருக்கும் என்றான். அதுவும் சித்திரை வெயில், சீக்கிரமே புளித்துவிடுமாம்.

உள்ளே காற்றும் நுரையும் உண்டாகப் பாட்டிலுக்கு ஒரு சிறு ஸ்பூன் சீனி என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சீனி ரேஷனில் கிடைப்பது. பனைவெல்ல உருண்டை பர்மாவில் எந்த வீட்டிலும் இருக்கும். வெறும் டீயைக் குடிக்கும்போது ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வோம். டீக்கு ஒன்று என்று பழகிய கை, பாட்டிலுக்கும் ஒன்று போட்டது. கழுத்தில் நுழையாததை உடைத்துப் போட்டான். இருபத்து நான்கு பாட்டில். குளியலறைச் சுவரோரம் அடுக்கி ஈரச்சாக்கு போட்டு மூடினோம்.

ஒரு மதியம், தெருவே படுத்திருந்த நேரத்தில், முதல் பாட்டில் வெடித்தது. துப்பாக்கி என்றுதான் நினைத்தேன். அந்த ஊரில் அந்த ஆண்டுகளில் வேறு எதுவும் நினைக்கத் தோன்றாது. அடுத்ததும் வெடித்தது. தெருமுனையில் காவலுக்கு நின்ற சிப்பாய் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தான். மனைவி எட்டிப் பார்த்து, சோடா பாட்டில் உடைந்துவிட்டது என்று பர்மியத்தில் சொன்னாள். அவன் உடனே போகவில்லை. சிறிது நேரம் அங்கேயே நின்றான்.

"தம்பி, எல்லாத்தையும் இப்பவே ஊத்து," என்றாள். "உன் புள்ளை முகத்தை நீ பார்க்க வேண்டாமா?"

மீதியை ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை நெம்பினான். நுரை கூரையில் அடித்தது. குழாய் வழியே பின்சந்துக்குப் போன வாசனையை நினைத்து நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். வெடித்தவை இரண்டு. ஊற்றிய காலி பாட்டில்கள் இருபத்து ஒன்று.

"ஒண்ணு குறையுதே."

"உங்க கணக்கு தப்பு, அத்தான்."

என் கணக்கு தப்பாது. கட்டிலடியிலும் அரிசி டின்னுக்குப் பின்னாலும் தேடினேன். கிடைக்கவில்லை.

கப்பல்துறையில் பயணிகளின் டிரங்குப் பெட்டிகள் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. சுங்கக்காரர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் தன் பெட்டியின் மூடியை ஒருமுறை தடவியதைப் பார்த்தேன். குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல இருந்தது. அவன் பக்கத்தில் போனேன்.

"உள்ளதான் இருக்கா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "பையனோட ஞானஸ்நானம் நான் போனப்புறம்தான். அன்னிக்கு மாமனாருக்கு ஒரு கிளாஸ் ஊத்தணும். பயப்படாதீங்க, மூடியைத் திறந்து காத்தை விட்டுட்டு மறுபடி அடிச்சுட்டேன்."

"காத்து போயிருக்கும். வெல்லம் உள்ளேயே இருக்கே?"

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குள் கூலிகள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். பயணிகளைத் தவிர வேறு யாரும் கம்பிவேலியைத் தாண்டக்கூடாது. அவன் பெட்டிக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனான். கூலிகளிடம் மெதுவாக, மெதுவாக என்று கையசைத்துக்கொண்டே போனான். பர்மாவில் பெட்டியை மெதுவாக வை என்று சொல்பவனைத்தான் முதலில் சோதிப்பார்கள். சுங்கக்காரர் ஒருவர் வரிசையை விட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டார். பெட்டியை மேசைமேல் தூக்கிப் போட்டார்கள்.

அந்தச் சத்தத்தை நான் வேலிக்கு இப்பால் இருந்து கேட்டேன். பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். மேசையில் பெட்டியின் விளிம்பிலிருந்து பழுப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. மைத்துனன் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றான். "சயா, பீர்தான் சயா," என்று சுங்கக்காரரைப் பர்மியத்தில் ஐயா போட்டு அவன் கெஞ்சியது எனக்குக் கேட்டது. சட்டையில் ரத்தம் இல்லை, அதை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஒரு அறைக்குள் கூட்டிப்போனார்கள்.

கப்பல் ஊதியது. அந்த அறைக் கதவு திறக்கவில்லை. மறுபடி ஊதியது. ஏணியைத் தூக்கினார்கள்.

மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டான். வெல்ல வாசனை அறையெங்கும் பரவியது. மனைவி அதைத் துவைக்க எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

மழைக்காலம் முடியும்போது ஊரிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வெள்ளை உடுப்பில் குழந்தை, அதைத் தூக்கிக்கொண்டு அவன் மாமனார். ஞானஸ்நானத்தை மேலும் தள்ளிப்போட அவர்களால் முடியவில்லை. படத்தில் இருந்தவர்களை எண்ணினேன். பிறகு இன்னொரு முறை எண்ணினேன். அப்போதும் ஒரு ஆள் குறைந்தது. மைத்துனன் படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.