தவக்காலத்தில் மட்டும் சுகமாயிருந்த வயிறு

போன வருடம் ஜூனில், திரு இருதய மாதத்தில், இதே செபக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னவள் நான், சகாயமேரி. "பல வருட வயிற்று நோயிலிருந்து ஆண்டவர் என்னைப் பூரணமாகக் குணமாக்கினார், இதோ ரிப்போர்ட்" என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். மைக்கில் பேசினால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லை யாரையாவது திட்டிவிடுவேன். அதனால் ஃபாதர் எழுதித் தரச் சொன்னார்.

நான் அங்கன்வாடி டீச்சர். ஊரில் கர்ப்பமான பெண்களுக்கெல்லாம் ரத்தசோகையைப் பற்றி வகுப்பெடுப்பவள். கீரை சாப்பிடு, இரும்புச் சத்து மாத்திரையைத் தவறவிடாதே என்று வீடு வீடாகப் போய்ச் சொல்பவள். எனக்கே ரத்தம் ஏழுதான் இருந்தது. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியும் ஏறவில்லை. சாப்பிட்டால் வயிறு பானை மாதிரி உப்பும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொல்லைப்பக்கம் ஓட வேண்டும். வாயில் புண் ஆறி முடிப்பதற்குள் அடுத்த புண் வந்துவிடும். முடி கொட்டியது. கால் மரத்துப்போனது. பிள்ளைகளைப் பாட்டுப் பாட வைத்துவிட்டு நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

பார்க்காத வைத்தியம் இல்லை. பூச்சி மாத்திரை, கேஸ் மாத்திரை, நாட்டு மருந்து, மந்திரித்த கயிறு தவிர எல்லாம் பார்த்தேன். ஒருவர் டென்ஷன் என்றார். ஒருவர் வயசு என்றார். எனக்கு நாற்பத்திரண்டு. ஒரு உறவுக்காரம்மா, "எல்லாம் அரிசியாலதான். சோத்தை நிறுத்திட்டு சப்பாத்தி சாப்பிடு" என்று அடித்துச் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டில் ராத்திரிக்கு எப்படியும் சப்பாத்திதான். நான் காலையிலும் கோதுமை ரவை உப்புமாவுக்கு மாறினேன். சாயங்காலம் தெம்புக்குக் கோதுமை வறுத்து அரைத்த சத்துமாவுக் கஞ்சி. வயிறு ரொம்பப் போனால் டீயும் ரஸ்க்கும்.

"சொந்த வயல்ல பொன்னி விளையுது, எம் பொண்டாட்டிக்குச் சோறு ஒத்துக்கலையாம்" என்று அவர் கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

குழப்பம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் நான் ஒருசந்தி இருப்பேன். சாம்பல் புதன் முதல் நாற்பது நாளும் ஒரே வேளை, மதியம் அரிசிக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். டீ, ரஸ்க் எல்லாவற்றையும் ஆண்டவருக்காக விட்டுவிடுவேன். மற்றவர்கள் ஒருசந்தி இருந்தால் வாடிப்போவார்கள். எனக்கு நேர்மாறு. நான்காம் வாரத்தில் வயிறு அமைதியாகிவிடும். வாய்ப்புண் ஆறும். சிலுவைப்பாதையில் பதினாலு தலத்துக்கும் முழங்கால் போட்டு எழுந்திருப்பேன். பிறகு ஈஸ்டர் வரும். கேக், பரோட்டா, கறிக்குழம்பு. ஈஸ்டர் கழிந்த மூன்றாம் நாள் நான் படுத்துவிடுவேன்.

ஒரு வருடம் என்றால் தற்செயல் எனலாம். வருடா வருடம் என்றால் என்ன நினைப்பது? நான் பட்டினி கிடந்தால் ஆண்டவருக்குச் சந்தோஷம், ஒரு வாய் ருசியாகச் சாப்பிட்டால் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். "ஆண்டவரு அப்படிப்பட்டவராம்மா?" என்று ஃபாதர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. வலிக்கிறது எனக்கு, சிரிக்கிறது அவர். அவரிடம் நான்கு வாரம் பேசவில்லை.

போன வருடம் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் தஞ்சாவூரில் வயிற்று நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். சின்னப் பெண். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாததையும் வாய்ப்புண்ணையும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். "சீலியாக்னு ஒரு நோய் இருக்கும்மா. அதுவான்னு ஒரு ரத்த டெஸ்ட்ல பார்த்துடலாம். இப்ப சாப்பிடுறதையே சாப்பிட்டுட்டு, இந்த வாரமே எடுத்துடுங்க" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பைபிளுக்குள் வைத்தேன். டெஸ்ட் எடுக்கவில்லை. தவக்காலம் வருகிறது, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அந்த முறை ஈஸ்டரோடு ஒருசந்தியை முடிக்கவில்லை. திரு இருதய மாதம் முடியும்வரை நீட்டிப்பதாக நேர்ந்துகொண்டேன். நான்கு மாதம் அரிசிக் கஞ்சி. உடம்பு தேறியது, கன்னத்தில் சதை பிடித்தது. அப்போதுதான் பைபிளில் இருந்த சீட்டு ஞாபகம் வந்தது. பக்கத்து லேபில் போய் ரத்தம் கொடுத்தேன். நார்மல் என்று வந்தது. டாக்டரம்மாவிடம் காட்டவில்லை. நேராக உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன்.

நேர்ச்சை முடிந்தது. சந்தோஷமாகச் சப்பாத்தி சாப்பிட்டேன். ஒரே வாரம். பழைய ஓட்டம் ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய் மறுபடி கஞ்சிக்கு ஓடினேன். யாரிடம் சொல்வது? குணமானேன் என்று ஊரறியச் சாட்சி சொன்னவள் ஆயிற்றே. ஒரு சகோதரி, "விசுவாசம் குறைஞ்சா சுகமும் போயிடும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். யார் என்று எழுதமாட்டேன். அவருக்கே தெரியும். அந்த வார்த்தை என் ஈரக்குலையை அறுத்தது. ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது கரண்டியோடு சாய்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் மறுபடி தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா அந்த நார்மல் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"இதை எடுக்கும்போது கோதுமை சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?"

"இல்லங்க. ஒருசந்தி. வெறும் கஞ்சிதான்."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, சீலியாக் இருக்கிறவங்க உடம்புல கோதுமை போனா, உடம்போட காவல் சக்தியே அவங்க குடலைத் தாக்கும். அந்தத் தாக்குதலோட அடையாளத்தைத்தான் ரத்தத்துல தேடுறோம். நாலு மாசம் கோதுமையே போகலைன்னா எதைக் கண்டுபிடிக்கிறது? நோய் இல்லைன்னு இந்த ரிப்போர்ட் சொல்லலை. நீங்க கோதுமை சாப்பிடலைன்னுதான் சொல்லுது."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. முதலில் இரும்புச் சத்தை ஊசியில் ஏற்றுவார்களாம். அப்புறம் ஆறு வாரம் தினமும் நான் சப்பாத்தி சாப்பிட வேண்டுமாம். அதன் பிறகு டெஸ்டாம். தாங்க முடியாவிட்டால் உடனே வரச் சொன்னார்.

சகோதரிகளே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சுகம் கொடும் என்று கேட்டவளை நோயைத் தின்னச் சொல்கிறார்கள். தின்றால் ஆண்டவரைச் சோதிக்கிறேனா? தின்னாவிட்டால் உண்மையைக் கண்டு ஓடுகிறேனா? ஒன்றும் புரியவில்லை. அன்று கோயிலில் போய் உட்கார்ந்தேன். அழகான செபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, சுகம் இப்ப வேணாம். எனக்கு என்னன்னு மட்டும் சொல்லும். நீர் என்மேல கோபமா இருக்கீரா இல்லையான்னும் சொல்லும்." அவ்வளவுதான் கேட்டேன்.

ஆறு வாரம். வீட்டுக்காரரே மாவு பிசைந்து சுட்டுக் கொடுத்தார். அவர் இடுகிற சப்பாத்தி தஞ்சாவூர் ஜில்லா மேப் மாதிரி இருக்கும். சிலுவை அடையாளம் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். மூன்றாம் வாரம் நான் சுருண்டு கிடந்தபோது, "நான் தட்டுல வைக்கிறது மருந்தா விஷமா, நீயே சொல்லு மேரி" என்று கேட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதார். "எனக்கும் தெரியலங்க. வைங்க" என்றேன்.

ஆறு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தேன். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளித்துளியாகச் சதை எடுத்தும் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்ததால் வலி தெரியவில்லை. ரிப்போர்ட் வந்தது. சீலியாக்தான். ரத்தத்திலும் தெரிந்தது, குடலிலும் தெரிந்தது. "இதுக்கு மாத்திரை கிடையாதும்மா. ஆயுசுக்கும் கோதுமை, ரவை, மைதா, பார்லி எதுவும் கூடாது. சோறு தாராளமா சாப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

நான் அந்த நாற்காலியிலேயே அழுதேன். துக்கத்தில் இல்லை. இத்தனை வருடமாகத் தேடிய பாவம் வெறும் கோதுமை! பட்டினி கிடந்ததால் ஆண்டவர் மனம் குளிரவுமில்லை, பரோட்டா தின்றதால் கோபிக்கவுமில்லை. பஸ் ஸ்டாண்டில் கடலைமாவு லட்டு வாங்கச் சொன்னேன். "நோய் இருக்குன்னு சொன்னதுக்கு ஸ்வீட் கேக்குற ஒரே ஆளு நீதான்" என்றார் வீட்டுக்காரர்.

ஆனால் பஸ்ஸில் வரும்போதே இன்னொரு இடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை? அந்த அப்பமும் கோதுமைதானே! துணுக்கும் கூடாது என்றாரே டாக்டரம்மா. முதல் நன்மை வாங்கிய வயதிலிருந்து நான் விட்டதில்லை. உடம்பைக் கொடுத்துவிட்டு ஆண்டவர் தம்மையே எடுத்துக்கொண்டாரா என்று மறுபடியும் குழப்பம். இரண்டு ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வாரம் ஃபாதரே வந்து கேட்டார். சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"அப்பத்துல பாதி, திராட்சை இரசத்துல பாதின்னா ஆண்டவர் இருக்காரு? ஒரு துளியிலயும் முழுசா இருக்காரும்மா. பெரிய கிண்ணத்துல அப்பத் துண்டு ஒண்ணு போடுறது வழக்கம். அதனால உனக்குன்னு தனியா ஒரு சின்னக் கிண்ணம் வைக்கிறேன்."

அடுத்த ஞாயிறு நான் கிண்ணத்தில் வாங்கியதை நீங்கள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். சகாயமேரிக்கு மட்டும் என்ன சலுகை என்று சிலர் கேட்டதும் காதில் விழுந்தது. சலுகை இதுதான்.

பிறகும் ஒருமுறை வயிறு கெட்டது. தேடிப் பார்த்தால் சாம்பாரில் போட்ட கட்டிப் பெருங்காயம். டப்பாவில் பொடி எழுத்தில் மைதா என்று இருந்ததை வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுப் படித்தார். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம் என்று என் மகள் பிரின்சிக்கும் பார்த்தோம். அவள் எப்போதும் போலச் சாப்பிட்டுக்கொண்டுதான் டெஸ்ட் எடுத்தாள். இப்போதைக்கு இல்லை. ஆண்டவருக்கு நன்றி.

ஒன்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. வருடா வருடம் நாற்பது நாள் சுகம் கொடுத்து, "மகளே, தட்டைப் பார்" என்று அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாரா? நான்தான் தட்டைப் பார்க்காமல் என் பாவங்களை எண்ணிக்கொண்டிருந்தேனா? ஃபாதரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லையாம். தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

உங்களில் யாருக்காவது வயிறு வருடக்கணக்கில் சரியில்லாமல், மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாமல் இருந்தால், தண்டனை என்று ஒடுங்கிப்போகாதீர்கள். செபியுங்கள். டாக்டரிடமும் போங்கள். நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுக்காதீர்கள், என்னைப் போலப் பொய்ச் சாட்சி சொல்ல நேரிடும். குணமாக்கும் என்று கேட்க முடியாத நாளில், காட்டும் என்றாவது கேளுங்கள். அவர் காட்டுவார்.

இப்போது என் ரத்தம் பதினொன்று. இந்த வருடமும் ஈஸ்டர் வந்தது. மணக்க மணக்கக் கறிக்குழம்பு, பொன்னி அரிசிச் சோறு, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரர் பழக்கத்தில் வெந்நீரும் பாயும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அங்கன்வாடிக்குப் புறப்பட்டுவிட்டேன்.