தோணி மாறிய சர்க்கரை

1926-ஆம் ஆண்டு ஜூன் 14, திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிட்டங்கியின் வாசலில், சுமைகாரர்களை மேய்க்கும் மண்டோர் சீனி முகம்மது புதிய பெரிய கிராணியாரை முதன்முதலில் கண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆயினும் கம்பெனியின் தலைமை எழுத்தராக வந்திருந்த ஆர்தர் சவரிமுத்து குடையை விரித்தே பிடித்திருந்தார். முன்யோசனை உள்ளவர் என்பதை ஊர் உடனே அறிய வேண்டுமல்லவா?

“இங்க என்ன தம்பி பிரச்சினை?”

“பெருசா ஒண்ணும் இல்லீங்கையா. சில நாள் மூட்டை தோணி மாறிப் போயிடுது.”

“எல்லாத்துக்கும் வழி இருக்கு. ஆராயணும்.”

ஆராய்ந்தார். எந்த மூட்டை எந்த ஊருக்கு என்பதை ஆங்கில எழுத்தில் குறித்திருந்தார்கள். சுமைகாரர்களுக்கோ எந்த எழுத்தும் தெரியாது. மண்டோரைக் கூவிக் கேட்டுத்தான் தோணியில் ஏற்றுவார்கள். கேட்கும் வாய்கள் பல, சொல்லும் வாய் ஒன்று. இன்னொரு மண்டோரை அமர்த்தலாம். ஆனால் அது எவருக்கும் தோன்றக்கூடிய யோசனை என்பதால் கிராணியார் அதனைத் தள்ளினார். சுமைகாரர்களுக்கு ஆங்கில எழுத்துக் கற்பிப்பதே சாலச் சிறந்தது என்று தீர்மானித்தார்.

பகலெல்லாம் மூட்டை சுமந்த முதுகுகள் மாலையில் கரும்பலகைக்கு எதிரே வரிசையாகச் சாய்ந்தன. பலர் உட்கார்ந்தபடியே உறங்கினர். கிராணியார் அதனை ஆழ்ந்த சிந்தனை என்று கொண்டார். வகுப்பு செழித்து நடைபெறுவதாகக் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரைக்கு எழுதினார். அதோடு நில்லாமல், இனி எவரும் மண்டோரைக் கேட்கலாகாது, படித்தே ஏற்ற வேண்டும் என்று ஆணையும் பிறப்பித்தார்.

“ஐயா, கொஞ்ச நாள் போவட்டும். இப்பவே என் வாயை மூடுனா சரக்கு கண்ட ஊருக்கும் போவும்லா,” என்றார் சீனி முகம்மது.

“கேட்டுக் கேட்டுத்தான் இவங்க படிக்காமப் போனாங்க, தம்பி.”

ஆணை விரைவிலேயே பலன் தந்தது. மேடானுக்குப் போக வேண்டிய சர்க்கரை கெடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கெடாக்காரர்களும் இனிப்பை வெறுப்பவர்கள் அல்லர். ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை. மண்டோரை விலக்கும்படி துரை சொல்லிவிட்டார். எந்தச் சிக்கலுக்கும் அந்தக் கம்பெனி ஆயத்தமாக வைத்திருந்த ஒரே மருந்து அது. சரக்கைத் தொலைத்த மண்டோர் என்ற பெயரோடு வெளியேறினால், துறைமுகத்தில் வேறெவரும் சீனி முகம்மதுவைச் சேர்க்க மாட்டார்கள்.

அன்று நண்பகல் சோறு விற்கும் ஹபீபா பீவி வழக்கம்போல் சுமைகாரர்களுக்கான தூக்குச்சட்டிகளை வாசலில் இறக்கினார். அத்தனையும் ஒன்றுபோலவே இருந்தன. ஆயினும் மீன் கேட்டவர் எவரும் கோழியை எடுத்துவிடவில்லை.

“எப்படிம்மா அடையாளம் தெரியுது?” என்றார் கிராணியார்.

“கைப்பிடில துணி கட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா? செவப்புன்னா மீனு, பச்சைன்னா கோழி. இதுக்கும் பள்ளிக்கூடம் வெக்கப் போறீங்களா, கிராணியாரே?”

கிராணியார் குடையை மடக்கிக்கொண்டு துரையின் அறைக்குச் சென்றார். வெளியே தம்மைப் பற்றிய முடிவுக்காகக் காத்து நின்ற சீனி முகம்மதுவின் காதில் எல்லாம் விழுந்தது.

“மண்டோர் தடுத்தார், நான்தான் கேட்கவில்லை. வகுப்பில் நடந்ததும் உறக்கமே. நான் எழுதியது பொய். ஊருக்கு ஒரு நிறம் வைத்து மூட்டையிலும் தோணியிலும் பூசினால் போதும்.”

பூசினார்கள். அதன்பின் மூட்டைகள் மாறவில்லை. மண்டோரின் வேலையும் நிலைத்தது. நிறம் தமக்கே தோன்றியதாகத் துரை சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கே ஆர்தருக்கென்று பேசிவைத்திருந்த பதவியை, தவற்றை ஒப்புக்கொள்ளும் கெட்ட பழக்கம் இல்லாத ஒருவருக்கு வழங்கினார்.

“ஐயா, இதை நான் மறக்க மாட்டேன்.”

“எதை? போய்ச் சட்டியில சாயம் காயாமப் பாரு.”

1931-இல் வியாபாரம் படுத்தது. நெடுநாள் உழைப்பை மெச்சிக் கம்பெனி கிராணியாரை வீட்டுக்கு அனுப்பியது. சீனி முகம்மதுவோ அதற்குள் சொந்தத் தோணிகள் வாங்கி, சூலியா தெருவில் ஓர் அலுவலகமும் திறந்திருந்தார். ஒரு நாள் ஆர்தர் அங்கே வந்தார். நைந்த சட்டைக் கழுத்து திருப்பித் தைக்கப்பட்டிருந்தது.

“நமக்கு ஒரு கிராணி வேணும், ஐயா. நீங்களே வந்து உக்காந்தா என்ன?”

“நிபோங் திபால்ல ஹென்றின்னு ஒருத்தன், தோட்டத்துல கிராணி வேலை போயி நிக்கிறான். சின்னப் பிள்ளைங்க வேற. கூப்பிட்டுப் பாரு, பிடிச்சா வை. எனக்காகன்னு வைக்காதே.”

“நான் உங்களைத்தானே கேக்கறேன்.”

“எனக்கு என்ன தம்பி குறை?”

ஹென்றி வேலைக்கு வந்தார். அவர் தாள்களை அடுக்கும் முறை தவறு என்று சொல்வதற்காகவே ஆர்தர் இறக்கும்வரை அவ்வப்போது வந்துபோனார். சீனி முகம்மது தீர்க்கக் காத்திருந்த நன்றிக்கடனைப் பற்றி மட்டும் ஆர்தர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.