கண் வைக்கும் மேஜை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் பெரும்பாலும் வாட்ச் முகப்புதான். வெள்ளைப் பீங்கான் வட்டின் மேல் எனாமல் குழம்பைப் புள்ளியாக வைத்து, எண்களையும் கோடுகளையும் சாமணத்தால் எடுத்து அதில் உட்கார வைப்போம். காய்ந்ததும் ஃபர்னஸுக்குள் போகும். எனாமல் உருகி, ஆறும்போது எண்ணைக் கவ்விக்கொள்ளும். பிறகு நகத்தால் நெம்பினாலும் வராது. ஆடி நெருங்கினால் மட்டும் அம்மன் டாலர். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பீங்கான் முகம். அதற்குப் பொட்டு, மூக்குத்தி, கடைசியாகக் கண்மணி. கடுகை விடச் சின்னக் கறுப்பு மணிகள்.

கண்மணி வைப்பது நான். என் கை நடுங்காது என்று கொடுத்தார்கள். நடுக்கமெல்லாம் உள்ளே. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் ஆவடி தாண்டும்வரை கேஸை மூடினேனா என்றே யோசித்துக்கொண்டு வருவேன்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் சிலைக்குக் கண் திறந்ததும் முதலில் கண்ணாடியைக் காட்டுவார்கள். அந்த முதல் பார்வை மனுஷர் மேல் விழக்கூடாதாம். டாலருக்கும் அப்படித்தான். கண் வைத்து முடித்த தட்டை, மேஜையில் நிறுத்தியிருக்கும் கண்ணாடிக்குக் காட்டிவிட்டுத்தான் ஃபர்னஸுக்கு அனுப்ப வேண்டும். எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர்கள் காட்டும்போது தாங்களும் கண்ணாடியைப் பார்ப்பார்கள். நான் தட்டை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பார்வை கண்ணாடியில் பட்டு என் மேல் வந்து விழுந்தால் என்ன செய்வது?

போன ஆடிக்கு முன்னால் என் மகளுக்கு நாலு வயது. அவளுடைய இடது கண்மணி மூக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படி. ஆபரேஷன் செய்தால் நேராகிவிடும், தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணில் பார்வையே தங்காது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். படம் பாதிதான் புரிந்தது. மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. என் நாத்தனாரோ, "மாறுகண்ணு லக்குடி! ஊட்டுக்கு வந்த லச்சுமிய எவளாச்சும் கத்தி வெச்சி நோண்டுவாளா?" என்றாள். தேதி குறித்தாயிற்று. வீட்டுக்காரர் லீவும் சொல்லிவிட்டார். நான் மட்டும் உள்ளுக்குள் சரி என்று சொல்லவில்லை.

அந்த வாரம்தான் நான் கண் வைத்த முதல் டாலர் தட்டு வெளியே வந்தது.

ஃபர்னஸிலிருந்து வரும்போது முகங்கள் கனல் நிறத்தில் இருக்கும். கண் எது, கன்னம் எது என்று தெரியாது. சூடு இறங்க இறங்க முகம் வெளுக்கும், கண் மட்டும் கறுத்துக்கொண்டு வரும். டிக், டிக் என்று பீங்கான் சத்தம் போடும். செக்கிங் மேஜை அக்கா குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாடி இது? அத்தினி பேரும் ஒரு கண்ண உள்ள இஸ்துகினு கீறாங்க!"

போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. லென்ஸ் வைத்து, அக்கா ஊசி முனையால் தொட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. எல்லா முகத்திலும் இடது கண்மணி, ஒரு மயிரிழை, மூக்குப் பக்கம்.

நான் நேராகத்தான் வைத்தேன். அப்படியென்றால் உள்ளே, எனாமல் தண்ணீராக இருந்த நேரத்தில், கண்மணிகள் தாமாக நகர்ந்திருக்கின்றன.

ஃபர்னஸ் அண்ணன் உள்ளே தட்டு வைக்கும் பலகையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "பலக நேராத்தாம்மா கீது. எம்மேல பழி போடாத. ஆத்தாதான் ஓரக்கண்ணால உன்ன நோட்டம் வுடுறா!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தட்டை மூச்சை அடக்கி வைத்தேன். அதுவும் அப்படியே வந்தது. அத்தனை முகத்திலும் என் மகள்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். "ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடப் போறேங்க்கா. ஆத்தாவே வேணாங்குறா. இதவிட வேற எப்பிடி சொல்லுவா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "ஆத்தாவுக்கு வேற வேல இல்ல பாரு. துன்னுட்டு வா."

ஒரே தட்டில் பாதி முகங்களுக்கு அவள் கண் வைத்தாள், மீதிக்கு நான். யாருடையது எது என்று பின்புறம் சூட்டில் அழியாத பென்சிலால் கீறி, கலைத்து அடுக்கினாள். ஃபர்னஸிலிருந்து வந்ததும் நேராக இருந்தவற்றைத் திருப்பினாள். எல்லாம் அவளுடையவை. என்னுடையவை எல்லாம் உள்ளே பார்த்தன.

"எதுவும் நவுரலடி. நீதான் அப்பிடி வெக்கிற."

"சத்தியமா நேராத்தாங்க்கா வெச்சேன்!"

அவள் என்னுடைய டாலர்களைக் கண்ணாடி முன்னால் வரிசையாக நிறுத்தி, என் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள். அன்றுதான் முதல் முறையாக அதில் பார்த்தேன். இடம் வலமாக மாறிய அந்த முகங்கள் எனக்குப் பழக்கமில்லாதவை. கோணல் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் என் முகம். சுற்றிலும் ஒரு கண்ணைத் திருப்பிக்கொண்டு அவை. நாலு வருஷமாக நான் குனிந்து பார்த்த ஒரே முகம் என் கைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் எனக்கு நேர்.

அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணமும் இல்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் மகளை உள்ளே கொண்டுபோனபோது, மாறுகண்ணோடு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்தப் பார்வையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கண் கட்டைப் பிரித்தார்கள். வெள்ளை விழி ரத்தச் சிவப்பாக இருந்தது. ஃபர்னஸிலிருந்து எடுத்தது போல, நடுவில் கறுப்பு மட்டும் தெளிவாக, நேராக. "சூப்பரா வந்திருக்கும்மா" என்றார் நர்ஸ். வீட்டுக்காரர் அழுதுவிட்டார். கட்டிலில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. என் மகளின் கவுன், என் மகளின் வளையல். இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. நான் வாசலிலேயே நின்றேன். அந்தப் பார்வை யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

"ம்மா, இன்னாத்துக்கு அங்கியே நிக்கிற? தூக்கு."

குரல் அவளுடையதுதான். கண்ணை மூடிக்கொண்டு, குரல் வந்த பக்கம் நடந்து போய்த் தூக்கிக்கொண்டேன்.