ரஞ்சிதம் கூப்பிட்ட பெயர்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரஞ்சிதம் ஒரு தடவைகூடப் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்கு அத்தனை பயம். அவன் பெயர் ராஜவேலு. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும்போது ஊரே 'வெற்றிவேல்' என்று கத்தும். இவள் 'அரோகரா'வுக்கு மட்டும் வாயைத் திறப்பாள். முருகன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவன் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வம்பு மாட்டு ரூபத்தில் வந்தது. பள்ளிப்பட்டில் ஒரு குடியானவரிடம் கண் தெரியாத எருதொன்றை ராஜவேலு மலிவாகப் பிடித்துவந்தான். கிருத்திகையன்று பிறந்த கன்றாம். அதற்கு அவர் வைத்த பெயரும் ராஜவேலு! வேறு பெயர் சொன்னால் காதைக்கூட அசைக்காது. "டேய் ராஜவேலு, சோம்பேறி!" என்று அவன் மாட்டை ஏசும்போதெல்லாம் பக்கத்துக் கொல்லையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ரஞ்சிதத்துக்கு மட்டும் அது 'பெரிய மாடு'.

வேலையில் அது தங்கம். மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கும்போது, மாடுகள் சரிவில் இறங்கினால் கிணற்றுச் சால் தண்ணீரோடு மேலே வரும்; பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து கிணற்றோரம் ஏறவேண்டும். முதுகில் கண்ணா இருக்கிறது? பெயர் சொல்லி அதட்டினால் எருது அந்த இடத்திலேயே நிற்கும். ஜோடி மாடும் அதோடு நிற்கும்.

அது யுத்தத்தால் பர்மா அரிசி வராமல் போன வருஷம். அரைக் காணி கேழ்வரகுதான் அவர்களுக்கு வருஷச் சாப்பாடு. கதிர் தலைநீட்டும் நேரத்தில் மழை ஏமாற்றியது. விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் ராஜவேலுவைச் சாய்த்தது. கொல்லைக் குடிசையில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். நாங்கள் அவரவர் கிணற்றில் மல்லாடிக்கொண்டிருந்தோம், உதவிக்கு ஆள் அனுப்ப முடியவில்லை. பயிர் சுருண்டது. ரஞ்சிதமே மாடுகளைப் பூட்டினாள்.

"பேர சொல்லிக் கூப்டும்மா, இல்லாட்டி நிக்காது" என்றேன், என் வரப்பில் மடை திருப்பிக்கொண்டே.

"அவரு காய்ச்சல்ல கெடக்குறாருண்ணா. இப்பப் போயி சொல்லுவனா? கயித்தப் புட்ச்சிகினு பாத்துக்கிறேன்."

முதலில் எப்படியோ தண்ணீர் வந்தது. அப்புறம் ஒரு தடவை மாடுகள் பின்னால் ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. "ஏய்! பெரிய மாடே! நில்லு!" என்று முன்னால் நின்று மூக்கணாங்கயிற்றை இழுத்தாள். எருதின் பின்கால் கிணற்று விளிம்புக் கல்லில் வழுக்கியது. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன், எட்டுகிற தூரமில்லை.

"ராஜவேலூ!"

மலைவரை கேட்டிருக்கும். எருது அசையாமல் நின்றது.

குடிசைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "ஆங்... தோ வந்துகினே இருக்கேன்."

கம்பளியோடு தள்ளாடி வாசலில் வந்து நின்றான். ரஞ்சிதம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சொல்லிட்டேங்க, உங்க பேர சொல்லிட்டேங்க!"

"சொன்னா இன்னா? எழுந்து வந்துட்டேன் பாரு."

அன்று முதல் பெயர் சொல்லியே இறைத்தாள். ஒவ்வொரு தடவையும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கேழ்வரகு பால் பிடித்து முற்றியது.

காய்ச்சல் விட்டதும் ராஜவேலு கிணற்றடிக்கு வந்தான். எருது அவனை மோந்து தலையாட்டியது. கயிற்றைக் கையில் வாங்கியவன், அதைத் திரும்ப அவளிடமே நீட்டினான்.

"என் பேச்ச கேக்க மாட்டேங்குது ரஞ்சிதம். நீயே கூப்டு."

பொய்யன்! மாட்டை அவன் ஒரு வார்த்தை கூப்பிடவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.