முதல் இறால்

என் மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் சிவந்து, வெடித்து, நீர் கசியும். திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்க மீன் வாசனை அடிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அடிக்காது. மீன், இறால், கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம் என்று அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே நிறுத்திவிட்டேன். பிள்ளை ஏங்கக் கூடாதென்று நானும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் வைத்தார்கள். மகளோடு போயிருந்தேன். குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பு பூசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் காத்திவாக்கத்துப் பெண் ஒருத்தி, மடியில் மகனோடு. அவனுக்கும் கரப்பான்தானாம். ஆனால் கை கால் வழவழவென்று இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

மதியம் அவள் டப்பாவைத் திறந்தாள். இறால் தொக்கு! பையன் அள்ளி அள்ளித் தின்றான். மாட்டினாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பக்கம் வந்த டாக்டரம்மாவிடம், அவள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். "கரப்பான் இருக்கிற புள்ளைக்கு இறால் குடுக்கலாமாங்க?"

"உங்க பொண்ணுக்குச் சாப்பிட்டு ஏதாவது ஆச்சா?"

"குடுத்ததே இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க? கொஞ்சமா குடுத்துப் பாருங்க. ஒத்துக்கலைன்னா விட்டுடலாம். இந்தப் பையனைப் பாருங்க, நல்லாத்தானே இருக்கான்?"

உதாரணம் காட்ட வேறு பிள்ளையே கிடைக்கவில்லையா? போதாததற்கு அந்தப் பெண் டப்பாவை என் மகள் பக்கம் நீட்டினாள். "புள்ள இதையே பாத்துகினு கீது, அக்கா. ஒண்ணு துண்ணட்டுமே."

"வீட்ல நானே குடுத்துக்கிறேன்" என்றேன் வெடுக்கென்று. என் மகள் வாயில் முதல் இறாலை இன்னொருத்தி வைப்பதா?

மறுநாளே காசிமேட்டுக்குப் போய் இறால் வாங்கி வந்து தொக்கு வைத்தேன். மகள் தட்டைத் தள்ளினாள்.

"அரிக்கும்மா."

"டாக்டர் சாப்பிடலாம்னு சொன்னாங்கல்ல?"

"நீதான அரிக்கும் அரிக்கும்னு சொல்லிகினே இருந்த?"

கெஞ்சினேன், மிரட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கடைசியில் சொன்னாள், "அந்த ஆண்ட்டி குடுத்தா துன்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவள் நான். தூக்கத்தில் சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவள் நான். நம்பிக்கை மட்டும் அவள்மேல்.

முகாம்காரர்களிடம் நம்பர் வாங்கி, வெட்கத்தை விட்டு அவளுக்கே போன் செய்தேன். "இட்டுகினு வாக்கா, இதுல இன்னா கீது" என்று சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கம் போனோம். அவள் ஊட்ட ஊட்ட என் மகள் ஆவென்று வாயைத் திறந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்து மகளின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போயும் புதிதாகச் சிவக்கவில்லை. ஒரு தடிப்பாவது வந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது!

மகள் ஒரு இறாலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அரிக்கலம்மா. பயப்படாம துண்ணு" என்று என் வாயில் வைத்தாள்.

என் தொக்கைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.