அம்மாவுக்காக அறுபது நோன்பு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என் அம்மா நரகத்துக்குப் போகாமல் தடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

பரமத்தி வேலூரில் பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அத்தா வெற்றிலை மண்டியில் வேலை பார்த்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், நோன்பு கோடை விடுமுறையில் வந்தது. தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத வெயில். அத்தாவின் அக்கா, எங்கள் மாமி, நோன்பு மாதம் முழுக்க எங்களோடு இருக்கக் கரூரிலிருந்து வந்திருந்தார். மாமி சட்டம் தெரிந்தவர். நோன்பு வைத்துக்கொண்டு எச்சிலை எப்படி விழுங்க வேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் சட்டம் இருந்தது.

நான் முழு நோன்பு வைக்கத் தொடங்கியது அந்த வருடம்தான். முதல் நாள் நோன்பு திறந்ததும் அம்மா தலை சீவி மல்லிகைப் பூ வைத்துவிட்டாள். மாமி நெற்றியில் முத்தம் கொடுத்தார். அந்தப் பெருமையிலேயே பத்து நாள் ஓடியது.

பதினோராம் நாள் மத்தியானம் தாகம் தாங்காமல் முகம் கழுவப் பொடக்காளிக்குப் போனேன். வீட்டின் பின்னால், துவைக்கும் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த இடம் அது. அம்மா அங்கே சுவரைப் பார்த்து நின்றபடி, சொம்பைத் தூக்கி மடமடவென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள். இரண்டே வாயில் பழம் முடிந்தது. தோலைக் குப்பையில் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

முந்தின வாரம்தான் ஓதும் பள்ளியில் எங்கள் அசரத்து சொல்லிக் கொடுத்திருந்தார். வேண்டுமென்றே நோன்பை முறித்தவர்கள் அறுபது நாள் விடாமல் நோன்பு வைத்துத் தீர்க்க வேண்டும். மறதியாகச் சாப்பிட்டால் குற்றமில்லை. அம்மா மறந்துபோய்க் குடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மறந்து தின்கிறவர் தோலுக்கு மண் போடுவாரா? சாயங்காலம் மாமி தொழுதார், அம்மா தொழவில்லை. மறுநாளும் அவளுடைய தொழுகைப் பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது. மாமிக்குத் தெரிந்தால் அம்மாவின் கதி என்ன? அல்லாவுக்குத் தெரிந்தால்? அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

முதலில் மாமியைக் கவனிப்போம் என்று முடிவு செய்தேன். அம்மா பின்பக்கம் போகும்போதெல்லாம் அந்த வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"எங்கடி உங்கம்மா?"

"துணி தொவைக்கறாங்க மாமி. அங்க போவாதீங்க, ஒரே பாசி, வழுக்கும்."

"காலைலதான தொவைச்சா?"

"இது வேற துணிங்க மாமி."

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, தொவைக்கட்டும் உடு. நீ இங்க வந்து எனக்கு விசிறி உடு. நோம்போட வெயில்ல குந்திட்டு என்ன காவலு?"

மாமியையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். நோன்போடு பொய் சொல்வதும் குற்றம்தான். அதை அல்லாவிடம் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஐந்து நாள் காவல் இருந்தேன். பிறகு ஒரு நாள் அம்மா விடியுமுன் தலைக்குக் குளித்துவிட்டு வந்து எங்களோடு சகர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். தொழுகைப் பாயும் விரிந்தது. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

பெருநாள் வந்தது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மாவுக்குத் தூக்குவாளியில் சேமியா பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி கரூர் பஸ் ஏறினார். பள்ளிக்கூடம் திறந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், விடியுமுன் பாத்திரச் சத்தத்தில் விழித்தேன். அம்மா சமையலறையில் தனியாக உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எங்களுக்குத் தோசை சுட்டுப் போட்டாள். அவள் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. எனக்குப் புரிந்துவிட்டது. அறுபது நோன்பைத் தொடங்கிவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்தால் முப்பது நாளில் முடித்துவிடலாம். மூன்றாம் நாள் நானும் எழுந்து போய் அடுப்பருகே உட்கார்ந்தேன்.

"நீ ஏன் கண்ணு எந்திரிச்சே?"

"நானும் நோம்பு வெக்கறேன்."

"நோம்பெல்லாம் முடிஞ்சு போச்சல்லோ. பள்ளிக்கோடம் போவோணும், போய்ப் படு."

"நீங்க வெக்கறீங்கல்ல?"

அம்மா பழைய சோற்றை மூடி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து எங்கள் இருவருக்கும் சுடுசோறு வடித்தாள். ஆளுக்கொரு முட்டை பொரித்தாள்.

நோன்பு மாதத்தில் சாயங்காலம் ஆனால் தெருவே தூக்குவாளியோடு கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்கு ஓடும். இப்போது அந்தக் கஞ்சியும் இல்லை, நோன்பு திறக்கப் போடும் வேட்டும் இல்லை. மஃரிப் பாங்கு கேட்டதும் நாங்கள் இருவரும் சமையலறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு பேரீச்சம்பழத்தைப் பிய்த்துத் தின்போம். பெரிய பாதி எப்போதும் என் பக்கம் வந்தது. நொய்யரிசியில் கொஞ்சமாகக் கஞ்சி காய்ச்சித் தருவாள். "நல்லா இருக்கா?" என்று கேட்பாள். அந்த ருசியில் பிறகு நான் கஞ்சி குடிக்கவில்லை.

மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்கு நோன்பும் தொழுகையும் இல்லை, விட்ட நோன்பை மட்டும் பிறகு வைத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிய மேலும் மூன்று வருடம் ஆனது. மாமி ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. குடிக்க அனுமதி இருந்தும், நோன்பாளிகள் கண்ணில் படக் கூடாது என்று அந்த வெயிலில் நின்று அம்மா குடித்ததை நினைத்துப் பார்க்க இன்னும் வயதாக வேண்டியிருந்தது. வருடா வருடம் அவள் அந்த நோன்புகளைத் தனியாகத்தான் வைத்திருக்கிறாள். வீட்டில் யாரும் கவனித்ததில்லை. இது உனக்கில்லை, போ என்று என்னை ஒரு வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதற்காக அவளை நினைக்காத நோன்பு எனக்கு இல்லை.

ஆறாம் நாள் நோன்பு திறந்ததும், "அவ்வளவுதான் கண்ணு, நாளைக்கு எந்திரிக்க வேண்டாம்" என்றாள்.

"நீங்க ஆறு, நான் நாலு, பத்துதானுங்களே ஆச்சு. இன்னும் அம்பது இருக்குதே?"

"எந்த அம்பது?"

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், வாழைப்பழம், அறுபது, மாமியிடம் சொன்ன பொய். "யாருகிட்டயும் சொல்லலீங்கம்மா. அல்லாகிட்ட மட்டுந்தான் சொன்னேன், எங்கம்மாவ மன்னிச்சுருன்னு."

அம்மா, "நீ கேட்டு அவன் இல்லேம்பானா? பத்தே போதும்" என்றாள்.

சொல்லி முடிக்கும் முன்பே முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. பெரிய பாவம் தீர்ந்தவர்கள் இப்படித்தான் அழுவார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.